பதினாலாம் பெட்டின் பெயர்

2007 மே 7, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில் முதுகைச் சுடுகிறது. அக்னி நட்சத்திரம். சத்துவாச்சாரி ஸ்டாப்பில் பஸ் இருபது நிமிடம் லேட். ஆண்கள் சர்ஜரி வார்டு, மார்னிங் டூட்டி. பெட் 28. நர்ஸ் 3. ஃபேன் 6, ஓடுவது 4. கம்ப்யூட்டர் 1.

அந்த ஒன்றுக்குத்தான் ராஜ உபசாரம். நோயாளிக்கு இல்லாத டேபிள் ஃபேன் அதற்கு உண்டு. வந்து மூன்று வாரம். காய்ச்சல், பிரஷர், மருந்து எல்லாவற்றையும் அதில்தான் ஏற்ற வேண்டுமாம். ஒரு பெட்டிக்கு மூன்று பேர் வரிசை. கூட டூட்டி பார்க்கும் சின்னப் பெண் பிரீத்தி காலை ஏழரைக்கே மதியம் பன்னிரண்டு மணி பிரஷரையும் சேர்த்து ஏற்றுகிறாள். கேட்டால், "அப்புறம் சிஸ்டம் கிடைக்காது சிஸ்டர்." பன்னிரண்டு மணிக்கு அந்த ஆள் செத்துக் கிடந்தாலும் கம்ப்யூட்டரில் 120/80. சீ.

கார்டெக்ஸ் அட்டையைக் குடோனில் போட்டுவிட்டார்கள். டூட்டி முடிந்து போகும்போது அடுத்த நர்ஸுக்குச் சொல்ல வேண்டியதை அந்த அட்டையில் பென்சிலால் எழுதுவோம். 'மருமகள் வந்தால் சாப்பிட மாட்டார்', 'ஊசி என்றால் கெட்ட வார்த்தை' என்றெல்லாம். பட்டப்பெயரும் வைப்போம். மறுநாள் ரப்பரால் அழித்துவிட்டால் தீர்ந்தது. இப்போது அதற்குப் பதில் 'ரிமார்க்ஸ்' என்று ஒரு கட்டம்.

பாஸ்வேர்டு கதை தனி. "யாருக்கும் தெரியாத பேரா வைங்க சிஸ்டர்" என்றார் கம்ப்யூட்டர் செக்‌ஷன் ஆள். அப்பா பெயரை வைத்தேன். DEVARAJ. இந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாத பெயர் அதுதான். இரண்டே நாளில் மற்ற இருவரும் தங்களுடையதை மறந்துவிட்டார்கள். என்னுடையதை வெள்ளைப் பிளாஸ்திரியில் எழுதிக் கீபோர்டின் அடியில் ஒட்டிவைத்திருக்கிறாள் பிரீத்தி. எல்லோரும் என் பெயரில் உள்ளே போகிறார்கள். வெட்கம் என்பது துளியும் கிடையாது.

பெட் 14 புது அட்மிஷன். மாணிக்கம், 56, ஆம்பூர். தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. வலது பாதத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். சுகர் வேறு. தொழில் என்ன என்று கேட்டதற்கு "ஷாப்புல வேலை" என்றிருக்கிறார். பதிவு கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் மெட்ராஸ் பெண் 'கடை, விற்பனை' என்று அமுக்கிவிட்டாள். இந்தப் பக்கத்தில் ஷாப்பு என்றால் தோல் பதனிடும் இடம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? திருத்தச் சொன்னேன். "லிஸ்ட்ல டேனரி இல்ல சிஸ்டர்." தோல் ஊரில் தோலுக்கு இடமில்லை.

குளிப்பாட்டியும் வாசம் போகவில்லை. ஊறிய தோலும் சுண்ணாம்பும். வார்டு முழுக்க மூக்கைப் பிடிக்கிறது. மதியம் அடுத்த டூட்டிக்கு ஓவர் கொடுக்கும்போது, "பதினாலு யாரு சிஸ்டர்?" என்றாள் பிரீத்தி. "நம்ம சென்ட்டு" என்றேன். சிரி சிரி என்று சிரித்தார்கள். ரிமார்க்ஸ் கட்டத்திலும் கை பழக்கத்தில் அதையே தட்டிவிட்டேன். '14 SCENT. டிரெஸ்ஸிங் 2 வேளை. சுகர் டயட்.'

வாங்க: சோப்பு, ஊறுகாய், கேஸ் புக் பண்ணணும்.

மே 8, செவ்வாய்

வெயில் 41 என்கிறார்கள். இருக்கும்.

மாணிக்கத்துக்கு டிரெஸ்ஸிங் நான்தான். மற்ற இரண்டும் மாஸ்க்குக்கு மேல் கர்ச்சீஃப் கட்டிக்கொண்டு தூர நிற்கின்றன. நான் மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு செய்தேன். எனக்குக் குமட்டவில்லை. எப்படிக் குமட்டும்? பதினெட்டு வயதுவரை அந்த வாசத்தில்தான் சோறு தின்றேன். அப்பா பேரணாம்பட்டில் குழியில் இறங்கியவர். சாயங்காலம் சிவப்பு சோப்பு போட்டு இரண்டு தடவை தேய்த்துக் குளிப்பார். அப்புறமும் விரலை மோந்து பார்ப்பார்.

இங்கே எல்லோரிடமும் சொல்லிவைத்திருப்பது, தோல் கம்பெனியில் கிளார்க் என்று. என் வீட்டுக்காரரிடமும் அதே. கல்யாணத்துக்கு முன்பே அப்பா போய்விட்டதால் பொய்க்கு ஆயுசு கெட்டி.

நேற்று ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியும். யாராவது என்னை மோந்துவிடுவதற்குள் முந்திக்கொண்டேன். எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் அவர்கள் சிரித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுவும் நிஜம்.

மதியம் புண்ணில் பச்சையாக ஊறியது. டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில். பிரீத்தி தன் கேமரா போனில் படம் எடுத்து அவருக்கு அனுப்பினாள். அவர் அங்கிருந்தே பார்த்துவிட்டு மருந்தை மாற்றிச் சொன்னார். பத்தே நிமிடம். அந்த போனை அப்போது மட்டும் மெச்சினேன்.

மே 10, வியாழன்

காற்றே இல்லை. பாலாற்றுப் பக்கமிருந்து புழுதி மட்டும்.

இன்று வார்டில் போன் பார்த்தவர்கள் கணக்கு:
– பிரீத்தி, ட்ரிப் மாற்றும்போது. பாட்டில் காலியாகி ரத்தம் மேலே ஏறியது. நான் ஓடினேன்.
– இன்னொருத்தி, பாத்ரூமில் அரை மணி.
– டாக்டர், ரவுண்ட்ஸில். நோயாளி வயிற்றில் ஒரு கை, போனில் ஒரு கை.
– பெட் 9, சினிமாப் பாட்டு. சத்தத்தோடு.

ஃபிரெண்ட்ஸ் சேர்க்கிற ஏதோ ஒரு சைட்டாம். பேர் வாயில் நுழையவில்லை. ஹாஸ்டல் எதிரில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் போய் போட்டோ ஏற்றுவதும், யார் என்ன எழுதினார்கள் என்று வந்து பேசுவதும். "சவூதியிலேர்ந்து எங்க சீனியர் எழுதிருக்கா சிஸ்டர்!" பெட் 22 இரண்டு மணி நேரமாக யூரின் பேன் கேட்கிறார். அவருக்குச் சவூதியிலிருந்துதான் வர வேண்டும் போல.

மாணிக்கத்துக்கு 21ஆம் தேதி தோல் ஒட்டும் ஆபரேஷன். டாக்டர் தெளிவாகச் சொன்னார்: இங்கேயே இருந்து சுகரையும் புண்ணையும் அடக்கினால் கால் தங்கும். நடுவில் வீட்டுக்குப் போய் மண்ணில் கால் வைத்தால் கணுக்காலோடு எடுக்க வேண்டியதுதான்.

"இருபத்தெட்டு வருசமா மாட்டுத் தோல ஒரிச்சேன். இப்ப எந்தோல ஒரிச்சு ஒட்டப் போறாங்க. கணக்கு நேராப்பூடும்" என்று சிரித்தார். நல்ல மனுஷன். மகள் ரேவதி ஆம்பூரில் டைப்பிங், பிரவுசிங் கடை ஒன்றில் வேலை செய்கிறாளாம். ஒரே மகள். அம்மா இல்லை.

மே 13, ஞாயிறு

ஆஃப். சர்ச்சில் இரண்டு போன் அடித்தது. ஒன்று போதகருடையது.

மத்தியானம் பிரியாணி. வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்து நண்பரை அழைத்திருந்தார். பேச்சு பாலாறு கெட்டுப் போனதில் போய் நின்றது. "இவ அப்பாவும் தோல் கம்பெனிதான், ஆனா ஆபீஸ்ல" என்றார் இவர். அந்த 'ஆனா'வைக் கேட்டுக்கொண்டே தயிர்ப் பச்சடி பரிமாறினேன். கொஞ்சம் உப்பு கம்மி.

மே 14, திங்கள்

குமட்டுகிறது. முதன்முறையாக இந்த வார்டில் எனக்குக் குமட்டுகிறது.

பதினோரு மணிக்கு ரேவதி வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும், ஒல்லி. கையில் ஒரு கலர் பிரிண்ட்-அவுட். மேஜைமேல் வைத்தாள். அழவில்லை.

படத்தில் மாணிக்கத்தின் கால். புண். பின்னால் தலையணையில் அவர் முகம், வாய் திறந்து தூங்குகிறார். மேலே 14 என்ற போர்டு. டாக்டருக்கு அனுப்பிய அதே படம். கீழே இங்கிலீஷில் 'சென்ட் நம்பர் 14', பக்கத்தில் சிரிக்கிற மூஞ்சி. அதற்கும் கீழே வரிசையாக ஆட்கள். 'மூக்கைப் பொத்திக்கிட்டேன்.' 'ஒரு பாட்டில் பார்சல் அனுப்பு.' எல்லாம் நர்ஸுகள். எல்லாம் வெள்ளைத் துணி போட்டவளுகள். தூ.

ரேவதியின் தோஸ்த் ஒருத்தி நர்சிங் படிக்கிறாள். அந்த சைட்டில் அவளுடைய பக்கத்தில் இது வந்திருக்கிறது. "இது உங்கப்பாதானேடின்னு கேட்டா சிஸ்டர். என் கடையில, என் சிஸ்டத்துல, நானே பாத்தேன். நானே பிரிண்ட் எடுத்தேன்."

பிரீத்தி சுவரோடு ஒட்டி நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. நான் கத்தினேன். என்னென்னமோ சொன்னேன். உனக்கு அப்பா இல்லையா என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? மாணிக்கத்திடம் போகவில்லை. கம்ப்யூட்டரிடம் போனேன். 7ஆம் தேதி, ரிமார்க்ஸ் கட்டம். '14 SCENT' பளிச்சென்று நிற்கிறது. கீழே என் பெயர் JSEELI, மணி 1.40. அழிக்கப் பார்த்தேன். டிலீட் அமுக்கினால் டொய்ங் என்று ஒரு சத்தம். சேவ் ஆனதை மாற்ற முடியாதாம். நாலு தடவை அமுக்கினேன். நாலு டொய்ங். பெட் 9 திரும்பிப் பார்த்தார்.

எனக்கு ஒரு ரப்பர் போதும். ஒரு ரூபாய் ரப்பர்.

மே 15, செவ்வாய்

சாயங்காலம் இடி மட்டும், மழை இல்லை.

என்.எஸ். மேடம் ரூமில் விசாரணை. நர்சிங் சூப்பிரண்டாக வந்து எட்டு வருஷம், குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பிரீத்தி ஒப்புக்கொண்டாள். எடுத்தது நான், ஏற்றினது நான், நேற்றே அழித்துவிட்டேன் என்றாள். அழித்தால் ஆச்சா? சவூதிவரை சிரித்தாகிவிட்டது.

"அந்தப் பேர் யார் வெச்சது?" என்றார் மேடம்.

பிரீத்தி வாயைத் திறக்கவில்லை. திறக்கவே இல்லை. காட்டிக்கொடுத்திருந்தால்கூட அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

கம்ப்யூட்டர் செக்‌ஷனிலிருந்து எடுத்த தாள் மேடம் கையில் இருந்தது. "இங்க உங்க பேர்ல இருக்கே ஜெயசீலி."

இத்தனை நாளாக எதைத் திட்டித் தீர்த்தேனோ அதைப் பிடித்துத்தான் கரையேறினேன். "என் பாஸ்வேர்டு வார்டுல எல்லாருக்கும் தெரியும் மேடம். கீபோர்டு அடியில ஒட்டி வெச்சிருக்காங்க."

ஆள் அனுப்பிப் பிளாஸ்திரியைக் கொண்டுவரச் சொன்னார். பார்த்தார். "DEVARAJ. யார் இது?"

"தெரிஞ்சவர் ஒருத்தர் மேடம்."

பைபிளில் மறுதலித்தவனுக்குக் கூவிய சேவல்தான் எனக்குக் கூவவில்லை.

மேடம் நம்பினாரா, நம்ப வசதியாக இருந்ததா, தெரியாது. என்மேல் குற்றம் இல்லை. பிரீத்திக்குச் சஸ்பென்ஷன், விசாரணை முடியும்வரை ஹாஸ்டல். இனிமேல் வார்டில் போன் கூடாது என்று சர்க்குலர், ஆறு காப்பி.

மே 16, புதன்

மகள் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாள். டாக்டர் வந்து, கால் போய்விடும் என்று இரண்டு தடவை சொன்னார். "இங்க இருந்தா மானம் போவுது சார்" என்றாள்.

பிரீத்தியை மேடமே அழைத்துவந்தார், மன்னிப்புக் கேட்க. கட்டிலோரம் மண்டிபோட்டாள். மாணிக்கத்துக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"எழுந்துருமா. எம்பொண்ணு வயசு உனுக்கு. நீ புடிச்ச போட்டோவாலதான் டாக்டரு மருந்து மாத்துனாரு, அதுவும் தெரியும்." கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எய்தவன் இருக்க அம்ப நோவானேன்? பேரு வச்சது யாரு, அத்தச் சொல்லு."

பிரீத்தி தரையைப் பார்த்தாள்.

"சரி, வாணாம். மேடம், நான் கேக்கறது ஒண்ணுதான். பேரு வச்சவங்க யாராயிருந்தாலும் எதிர்ல வந்து நிக்கட்டும். எம்மூஞ்சப் பாத்து, தப்புதான்யான்னு ஒரு வார்த்த. யாரு வேலையும் போவ வாணாம். நான் இங்கியே கெடக்கறேன், கால வெட்டுங்க ஒட்டுங்க. வெள்ளிக்கெழம வரிக்கும் பாக்கறேன்."

நான் மூன்றடி தள்ளி, டிரெஸ்ஸிங் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு. கத்தரியையும் இடுக்கியையும் ட்ரேயில் வரிசையாக அடுக்கினேன். அடுக்கியதையே திரும்ப அடுக்கினேன்.

மே 17, வியாழன்

பஸ்ஸில் வரும்போதே வாக்கியத்தைத் தயார் பண்ணிவைத்திருந்தேன். 'ஐயா, அது நான்தான்.' அவ்வளவுதான். ஒரு டிக்கெட் வாங்குகிற நேரம் ஆகாது.

சொன்னால்:
– மேடமிடம் பொய் சொன்னது வெளியே வரும். வேலைக்கு ஆபத்து.
– ஏன் அப்படிச் சொன்னாய் என்பார்கள். அப்பா வருவார்.
– வீட்டுக்காரர்.

சொல்லாவிட்டால்:
– அவர் கால்.

எழுதிப் பார்த்தால் எவ்வளவு லேசாக இருக்கிறது. இதற்கு ஒரு குழந்தைகூடப் பதில் சொல்லும்.

பத்து மணிக்கு டிரெஸ்ஸிங். புண் சிவந்து நன்றாக ஆறி வருகிறது. ஓரமெல்லாம் புதுத் தோல். கட்டைச் சுற்றி முடித்துவிட்டு நின்றேன். போகாமல் நின்றேன்.

"இன்னா சிஸ்டரம்மா, எதுவோ சொல்ல வந்தாப்ல இருக்குது?"

"சுகர் டெஸ்ட் பண்ணணும் ஐயா. விரலைக் காட்டுங்க."

காட்டினார். குத்தினேன். அரை மணிக்கு முன்புதான் பார்த்திருந்தது. தேவையே இல்லாத குத்து.

நாலு மணிக்குப் பிரீத்தி அப்பா நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தார். கையில் மஞ்சள் பை, வாழைப்பழச் சீப்பு. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்தார். "சிஸ்டர், நீங்கதான் அவளுக்கு இங்க அம்மா மாதிரின்னு சொல்லுவா." வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாப் குப்பைத்தொட்டியில் போட்டேன். பழம் என்ன பாவம் பண்ணியது? என்னைப் போல பெரியவர்கள் என்று ஒரு ஜாதி இருக்கிறதே, அதைப் போல ஈன ஜாதி இல்லை.

நாளைக்குக் கண்டிப்பாக.

மே 18, வெள்ளி

காலை ஆறரைக்கே வார்டுக்குப் போனேன். மனசில் உறுதி. மாணிக்கம் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம், முகம் கழுவி டீ குடிக்கட்டும் என்று விட்டேன். ஏழரைக்கு ரவுண்ட்ஸ். எட்டரைக்கு பெட் 3 வாந்தி. ஒன்பதுக்கு ரேவதி ஆட்டோவோடு வந்துவிட்டாள்.

"யாரும் வர்ல இல்ல?" என்று அவளிடம் கேட்டார் அவர். என்னிடம் கேட்கவில்லை. "சரி, கெளம்பு."

சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்ற ஃபாரத்தில் அவர் கைநாட்டு. சாட்சிக் கையெழுத்து நான்.

கேஸ் பேப்பரை நான்தான் பிரிண்ட் எடுக்க வேண்டும். ஆம்பூரில் வேறு டாக்டரிடம் காட்ட. எடுத்தால் எல்லாம் சேர்ந்து வருகிறது, பிரஷர், சுகர், ரிமார்க்ஸ் உட்பட. ஒன்பது பக்கம். இரண்டாம் பக்கத்தில் அந்த வரி. ஸ்டோரில் ஒயிட்னர் இருந்தது. SCENT மேல் தடவி, ஊதிக் காயவைத்தேன். மேலே பேனாவால் 'மாணிக்கம்' என்று எழுதினேன். பதினொரு நாள் கழித்து அந்தக் கட்டத்தில் அவர் பெயர்.

ரேவதி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். டைப்பிங் கடைப் பெண். ஒயிட்னர் அவளுக்குப் புதிதா? அந்தப் பக்கத்தை மட்டும் உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். பார்த்தாள். கீழே JSEELI. என் நெஞ்சில் குத்தியிருக்கும் பெயர்ப் பட்டையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை.

நின்றேன். அடித்தால்கூட நல்லது என்று நின்றேன்.

வீல்சேரிலிருந்து மாணிக்கம் குரல் கொடுத்தார். "ரேவதி, அந்த சிஸ்டருக்கு ஒரு கும்புடு போட்டுட்டு வாம்மா. இந்த வார்டுலயே மூக்க மூடாம எனக்குக் கட்டு போட்டது அவங்க ஒருத்தங்கதான்."

அவள் அந்தத் தாளை நாலாக மடித்தாள். கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "சரிப்பா" என்றாள். கும்பிடவில்லை. வீல்சேரைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனாள். கட்டுப் போட்ட கால் முன்னால் நீட்டிக்கொண்டு போயிற்று.

பதினோரு மணிக்கு 14இல் புது ஆள், குடலிறக்கம், வாணியம்பாடி. கம்ப்யூட்டர் புது பாஸ்வேர்டு கேட்டது. இன்னும் வைக்கவில்லை.

வலது கை ஆள்காட்டி விரலில் ஒயிட்னர் ஒட்டியிருக்கிறது. இரண்டு தடவை சோப்பு போட்டுவிட்டேன்.